ஐஸ் கம்பெனி பக்கத்தில்

வடபகுதிக் குடியிருப்போர் தகவல் வசதிக் குழுமம் என்று ஓர் அமைப்பு இருப்பது அதில் வேலை பார்க்கும் பதினேழு பேருக்கும், அவர்களுக்கு டீ கொண்டுபோகிறவருக்கும் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. மக்களுக்குத் தேவையான தகவல்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பதே தன் வேலை என்பதால், தன்னைப் பற்றிய தகவலைக் கொண்டுசேர்ப்பதில் குழுமம் நேரத்தை வீணாக்கியதில்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது ஒரு கையேடு போடும். பெயர் ‘நம் பகுதி அறிவோம்’. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் தெருத்தெருவாகப் படம், போன் நம்பர், பயனுள்ள இடங்கள், அடையாளச் சின்னங்கள் எல்லாம் இருக்கும். இரண்டாம் பதிப்பில் ‘குடும்பத்துடன் சென்று மகிழ’ என்ற தலைப்பின் கீழ் ஒரு சினிமா தியேட்டரைப் போட்டிருந்தார்கள். அங்கே இப்போது டைல்ஸ் குடோன் இருக்கிறது. அச்சகத்தில் படம் புரண்டுபோய்க் கடல் மேற்கே வந்துவிட்டது. அதற்குக் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் கொடுத்திருந்தார்கள்: ‘கடலைப் பொறுத்தவரை வாசகர்கள் தங்கள் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும்.’

அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் பூவரசந்தோப்பு மூன்றாவது சந்து வருகிறது. காசிமேட்டுப் பக்கத்துச் சந்து. பூவரசும் கிடையாது, தோப்பும் கிடையாது. அடையாளச் சின்னம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் ‘ஐஸ் கம்பெனி’ என்று போட்டிருந்தது.

ஐஸ் கம்பெனியை இடித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இப்போது அங்கே சுற்றிலும் துருப்பிடித்த தகரம் அடித்து, உள்ளே கருவேலமும் இரண்டு உடைந்த டிரெய்லர்களும் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கட்டடம் போனால் பேரும் போகவேண்டும் என்கிற பழக்கம் இல்லை. கண்டக்டர் “ஐஸ் கம்பெனியெல்லாம் எறங்கு” என்றுதான் கத்துவார். இடித்த பிறகு பிறந்து காலேஜுக்குப் போகிற பிள்ளைகள்கூட “ஐஸ் கம்பெனிகிட்ட நிக்கிறேன்” என்றுதான் சொல்லும். உள்ளூர்க்காரர் யாரும் இதனால் வழி தப்பியதில்லை. வெளியூர்க்காரர்தான் தப்பவேண்டும்.

அந்தச் சந்தின் முனையில் ஜஹாங்கீர் பாய் கடை வைத்திருந்தார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை. பின்னால் வீடு. வீட்டில் அவரும் அவர் மனைவி அஜீசுன்னிசாவும் மட்டும். மகளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அஜீசுன்னிசாவுக்கு வீசிங். ஆலைப் புகை, நிலக்கரித் தூசி, சாம்பல் என்று அந்தக் காற்றில் என்னென்ன உண்டோ அத்தனையும் பதினைந்து வருடமாக அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அவள் வாய் ஓயாது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் “இன்னாங்க, தெரியுமா?” என்று ஆரம்பிப்பாள். தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். அவர் “நீ சும்மா இரு” என்பார். முப்பத்திரண்டு வருடமாக அவள் சொல்வாள், அவர் அப்படிச் சொல்வார். அதில் கோபமெல்லாம் ஒன்றும் கிடையாது.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அவளுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலர் கேட்கவில்லை. பீரோவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். உதடு நீலம் பாரித்தது. பாய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண், “லேண்ட்மார்க் சொல்லுங்க சார்” என்றாள்.

“ஐஸ் கம்பெனி பக்கத்துல மேடம்” என்றார் பாய்.

அஜீசுன்னிசா அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு மூச்சுக்கு நடுவே என்னவோ சொன்னாள். “நீ சும்மா இரு” என்றார் அவர்.

அவள் சொன்னது என்ன என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர், சென்னைக்கு வந்து பதினைந்து நாள். அவர் ஐஸ் கம்பெனியைத் தேடினார். நல்ல மனுஷன், நிஜமாகவே தேடினார். ஹைரோட்டில் ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இறங்கி ஐந்தாறு லாரி டிரைவர்களை விசாரித்தார். அவர்கள் ஆந்திராவும் பீகாருமாக இருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு தரம், அந்தப் பக்கம் இரண்டு தரம் என்று முப்பத்தேழு நிமிடம் வண்டி அலைந்தது. இல்லாத கட்டடத்தை எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்காது.

கடைசியில் எதிர்வீட்டு அடைக்கலமேரி தன் மீன்பாடி வண்டியில் இருந்த கூடைகளை அப்படியே தெருவில் கவிழ்த்துவிட்டு, அஜீசுன்னிசாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஹைரோட்டு முனையில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு, பாயின் முகத்தைப் பார்த்து மேலே சொல்லாமல் விட்டார். அவர் சொல்லாமல் விட்ட மிச்சத்தைப் பாய் தினமும் தானே சொல்லிக்கொண்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து மகளும் ஊருக்குப் போனாள். பாய் மறுபடியும் தைக்க உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது அந்தச் சந்து முனையில் யாராவது “ஐஸ் கம்பெனி” என்பார்கள். ஒவ்வொரு தரமும் அவர் கை நின்றது. மிஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தை ஒருநாள் உருவிப் பார்த்தார். ‘நம் பகுதி அறிவோம்’ இரண்டாம் பதிப்பு. பின் அட்டையில், ‘மூன்றாம் பதிப்பு தயாராகிறது. திருத்தங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்று போட்டிருந்தது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. ஐஸ் கம்பெனி இப்போது இல்லை, நீலத் தண்ணி டேங்க் என்று சொல்லவும். சந்துக்கு எதிரே இரும்புக் கால்களின் மேல் அரை மைலுக்குத் தெரிகிறாற்போல நிற்கிறதே, அந்த டேங்க்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவரை மேரி பார்த்தாள். “இன்னா பாய், எங்க கெளம்பிகினே?”

அவர் விஷயத்தைச் சொன்னார்.

“பொஸ்தகத்துல ஒரு வரி மாத்திட்டா அஜீசு எய்ந்து வந்துருமா நைனா?”

“வராது மேரிம்மா. ஒன் வூட்டுக்கு நாளைக்கு வண்டி வந்துரும்ல?”

 “போய்ட்டு வா” என்றாள் மேரி.

குழுமத்தின் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. ‘தகவல்’ என்று எழுதிய ஜன்னல் மூடியிருந்தது. அதன் மேல், ‘தகவலுக்கு அடுத்த ஜன்னலை அணுகவும்’ என்று ஒட்டியிருந்தது. அடுத்த ஜன்னல் கிடையாது, சுவர்தான். அந்தச் சுவரைச் சுற்றிப் போனால் தகவல் அலுவலர் செங்குட்டுவன் இருந்தார். மரியாதையான மனிதர். பாயை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலி வரவழைத்தார்.

“ஐஸ் கம்பெனி இல்லைன்னு சொல்றீங்க.”

“ஆமா சார். இட்சி பத்தொம்பது வருசம் ஆவுது.”

“இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

“வந்து பாத்தா தெரியும் சார். வெறும் தகரம்தான் கீது.”

“பாருங்க பாய், இருக்கறதைப் பாக்கலாம். இல்லாததை எப்படிப் பாக்கறது? அதுக்குன்னு நடைமுறை இருக்கு.” செங்குட்டுவன் ஒரு படிவத்தை எடுத்தார். அடையாளச் சின்ன நீக்கல் விண்ணப்பம், படிவம் ஒன்பது. “இதுல நாலாவது கலத்துல சின்னத்தோட உரிமையாளர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

“மொதலாளி மவுத்தாயி இருவது வருசம் ஆவுது சார். புள்ள எங்க கீறார்னே தெரியாது.”

“எங்க ரெக்கார்டுல அவர் முகவரி இருக்கு. நாங்களே பதிவுத் தபால் போட்டுக் கேட்டுடறோம். நீங்க அலைய வேண்டாம்.”

குழுமத்தின் ரெக்கார்டில் இருந்த முகவரி: உரிமையாளர், ஐஸ் கம்பெனி, பூவரசந்தோப்பு.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் வந்தார். ஐஸ் கம்பெனி பேருக்கு வருகிற எதையும் பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் உள்ள தார்ப்பாய்க் கடையில் கொடுப்பதுதான் வழக்கம். யாராவது கேட்டு வந்தால் பாய் எடுத்துக் கொடுப்பார், வராவிட்டால் பெட்டியில் கிடக்கும். அன்றும் அப்படித்தான் நீட்டினார். பாயும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என்றைக்கும் போடுகிற மாதிரி ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறையின் மேல் இருந்த குழும முத்திரையைப் பார்த்தார். சோற்றில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஓடினார். செங்குட்டுவன் முகம் மலர்ந்து அட்டையைக் காட்டினார். “நீங்க இல்லைன்னீங்க. கம்பெனியில கடிதத்தை வாங்கிட்டாங்க பாருங்க.”

“சார், அது என் கையெழுத்து சார்.”

செங்குட்டுவன் அட்டையையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “அப்ப கம்பெனி சார்பா நீங்கதான் வாங்கியிருக்கீங்க. இதை வெளியில சொல்லிக்காதீங்க. விண்ணப்பதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே ஆள்னா ஃபைல் நிக்காது.” பிறகு ஏதோ மனம் இளகி, “ஏழாவது கலம் இருக்கு. பாதிப்புக்கான ஆதாரம். உங்க மனைவி விஷயமா ஏதாவது எழுத்துல இருந்தா கொடுங்க. அது பலமா இருக்கும்” என்றார்.

எழுத்தில் ஒன்று இருந்தது. அன்றைக்கு அவர் பேசிய போன் பதிவாகியிருந்தது. மனுப் போட்டால் பேச்சை எழுத்தில் கொடுப்பார்கள் என்று மகள் போனில் விசாரித்துச் சொன்னாள். மனுப் போட்டு, இரண்டு மாதம் காத்திருந்து, ஒரு பழுப்பு உறை வந்தது. பாய் அதைப் பிரிக்கவில்லை. வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அஜீசுன்னிசாவின் புடவைகளுக்கு நடுவே ஓர் இரவு வைத்திருந்து, ஒட்டிய கோந்து ஒட்டினபடியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

“நீங்க படிக்கலையா?” என்றார் செங்குட்டுவன்.

“வேணாம் சார். நீங்க பாத்துக்கங்க.”

அடுத்தது கள ஆய்வு. கள அலுவலர் எழில்மொழி சின்ன வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் ஹைரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பாய்க்குப் போன் செய்தாள். “ஐயா, ஆய்வுக்கு வந்திருக்கேன். ஹைரோட்டுல நிக்கறேன். எப்படி வரணும்?”

பாய் எழுந்து நின்றுவிட்டார். ஆறு மாதமாக அவர் காத்திருந்த ஆள் வந்துவிட்டாள். அவசரத்தில் வாய் திறந்தது.

“நேரா வாம்மா. ஐஸ் கம்பெனி பக்கத்துல...”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எந்தச் சொல் அவர் வீட்டை அழித்ததோ அதையே அவர் நாக்கு மறுபடியும் சொல்லிவிட்டது. அறுபது வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. நாக்கை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு.

எழில்மொழி சந்தில் பதிமூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள். ஐஸ் கம்பெனி எங்கே இருக்கிறது?

“இத்தோ கீதே” என்று மேரி கையை நீட்டினாள். “கண்ணு தெர்ல? தகரம் அட்சிகீறாங்களே, அதாம்மே ஐஸ் கம்பெனி.”

பதிமூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். படிவத்துக்குப் பதினான்கு பேர் வேண்டும், பதினான்காவது ஆளாகப் போனில் வழி சொன்ன விண்ணப்பதாரரையே எழுதவேண்டியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவள் தகரத்தின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். கருவேலத்தில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்து பாய் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். சுவரில் இன்னும் ஆணியில் தொங்கிய இன்ஹேலர் பையைப் பார்த்தாள்.

“ஐயா, நான் பாத்தேன். அங்க ஒண்ணுமே இல்ல. ஆனா நாங்க கண்ணால பாத்ததை எழுத இந்தப் படிவத்துல எடம் இல்லைங்க. பொதுமக்கள் சொன்னதைத்தான் எழுத முடியும்.” அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிக்கை இப்படி வந்தது: ‘கேட்கப்பட்ட பதினான்கு பேரில் பதினான்கு பேரும் ஐஸ் கம்பெனியைத் தயக்கமின்றிச் சுட்டிக்காட்டினர். நூறு விழுக்காடு. இப்பகுதியின் வேறெந்த அடையாளச் சின்னத்துக்கும் இத்தகைய அங்கீகாரம் இல்லை. காவல் நிலையம் அறுபத்தொரு விழுக்காடே பெற்றுள்ளது.’

பாயின் ஆட்சேபம் என்று ஒன்று இருந்ததால் விஷயம் குழுமத்தின் முழுக் கூட்டத்துக்குப் போனது. பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் ராசையா எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நிமிடம் எல்லோரையும் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார்.

“நண்பர்களே, அடையாளச் சின்னத்துக்கு என்ன இலக்கணம்? நிலைத்து நிற்கணும். இங்க கட்டடங்கள் நிக்குதா? போன பதிப்புல போட்ட தியேட்டர் போச்சு. ரேஷன் கடை எடம் மாறிடுச்சு. நம்ம சொந்த ஆபீசே ரெண்டு தடவை மாறிடுச்சு, அதையே நாம இன்னும் புத்தகத்துல மாத்தல. ஆனா இந்த ஐஸ் கம்பெனி? பத்தொன்பது வருஷமா வெள்ளையடிக்கல, பழுது பாக்கல, கரண்ட் பில் கட்டல. ஒரு விரிசல் விட்டுதா? மக்கள் மனசுல அப்படியே நிக்குது. கட்டடம் இருந்தவரைக்கும்தான் அது இடிஞ்சிடுமோன்னு நமக்குக் கவலை இருந்தது. இப்ப அந்தக் கவலையும் இல்லை.”

கை தட்டினார்கள்.

பாய் எழுந்து கைகட்டி நின்றார். “சார், நீலத் தண்ணி டேங்குன்னு ஒரு வரி போட்டா போதும் சார். அத்த எடுக்க வாணாம். இத்தயும் சேத்துப் போடுங்க.”

“தண்ணி டேங்க் வேற துறை” என்றார் ராசையா. “நாம அதைப் போட்டா, அது அங்க இருக்குன்னு நாம பொறுப்பேத்துக்கறதா ஆகும். நாளைக்கு அவங்க பச்சை பெயிண்ட் அடிச்சிட்டா? யார் பதில் சொல்றது?” பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிகவும் கனிவாகச் சொன்னார்: “உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது பாய். உங்க ஃபைலை முழுக்கப் படிச்சேன். கண் கலங்கிட்டேன். அதை நாங்க வீணாக்க மாட்டோம். புதுப் பதிப்புல அதுக்கு உரிய எடம் கொடுப்போம்.”

பாய்க்கு அது போதுமாக இருந்தது. உரிய இடம் என்றால் அந்த வரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து வெகுநாளைக்கப்புறம் அடுப்பு மூட்டிச் சோறாக்கி மேரி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். “போடறாங்களாம் மேரிம்மா” என்றார்.

மூன்றாம் பதிப்பின் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. மக்களின் நூறு விழுக்காடு அங்கீகாரம் பெற்ற சின்னத்தைக் கௌரவிக்கும் வகையில் விழா அங்கேயே நடக்கும். இடம்: ஐஸ் கம்பெனி வளாகம். காலை பத்து மணி.

தகரத்தில் நான்கைப் பிரித்து, கருவேலத்தை வெட்டி, ஷாமியானா போட்டார்கள். சந்தே வந்து உட்கார்ந்திருந்தது. தலைக்கு ஒரு புத்தகம் என்று முந்நூறு புத்தகங்கள் மேடைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. பாய் முதல் வரிசையில் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். சிறப்பு விருந்தினர் அடையாற்றில் இருந்து வருகிற ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பத்து மணிக்கு வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. பத்தரைக்கு ராசையாவின் போன் அடித்தது.

“ஆமா சார், ஹைரோட்டுலதான்... லாரியா? அப்படித்தான் சார் நிக்கும்... ஐஸ் கம்பெனி சார்... கட்டடமா? கட்டடம் இல்லை சார், கம்பெனி... யாரையாவது கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்... ஐஸ் கம்பெனி சார், ஐஸ் கம்பெனி!”

சிறப்பு விருந்தினரின் கார் இந்தப் பக்கம் இரண்டு தரமும் அந்தப் பக்கம் இரண்டு தரமும் போய்வந்தது. ராசையாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. செங்குட்டுவன் வாங்கிப் பேசிப் பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார். எழில்மொழி பாயைப் பார்த்தாள்.

பாய் எழுந்து போய்ப் போனைக் கேட்டு வாங்கினார். 

“சார், தலைய வெளிய நீட்டிப் பாருங்க சார். ஒசரமா நீலத் தண்ணி டேங்க் ஒண்ணு தெரியுதா? அதுக்கு எதுத்த சந்து.”

மேடையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தார்கள், நன்கொடையாளர் பேர் போட்டது. பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நிமிடத்தில் கார் சந்துக்குள் வந்தது. எல்லோரும் கை தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நாலே நாலு நிமிடம். ஷாமியானாவின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பாய் அழுதார். இவ்வளவு நாளில் அவர் யார் முன்னாலும் அழுததில்லை. மேரி வந்து அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

சிறப்பு விருந்தினர் தாமதத்துக்கு வருந்தினார். வழி தவறியதால்தான் இந்தக் கையேட்டின் அவசியம் தனக்கு முழுமையாகப் புரிந்தது என்றார். ராசையா பேசும்போது, இத்தனை பெரிய மனிதரையே தேடவைத்த ஐஸ் கம்பெனியின் எளிமையைப் பாராட்டினார். புத்தகத்தைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார்கள்.

பாய் தன் பிரதியில் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடினார். அடையாளச் சின்னம்: ஐஸ் கம்பெனி. இந்தத் தரம் எழுத்து இன்னும் பெரிது. பக்கத்தில் ஒரு சின்னப் படமும் வரைந்திருந்தார்கள், புகைபோக்கியோடு. ஐஸ் கம்பெனிக்குப் புகைபோக்கி இருந்ததே இல்லை. டேங்கைக் காணவில்லை.

“உங்க எடம் முப்பத்தோராம் பக்கத்துல பாய்” என்று செங்குட்டுவன் குனிந்து காதில் சொன்னார். “முழுப் பக்கம்.”

முப்பத்தோராம் பக்கத்தின் தலைப்பு: ‘அவசர அழைப்பு: எப்படிப் பேசக் கூடாது? ஓர் எடுத்துக்காட்டு.’

பணியாளர்: லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.

அழைப்பவர்: ஐஸ் கம்பெனி பக்கத்துல மேடம்.

பணியாளர்: எந்த ஐஸ் கம்பெனி சார்?

அழைப்பவர்: ஐஸ் கம்பெனி மேடம்! எல்லாருக்கும் தெரியும். சீக்கிரம் வரச்சொல்லுங்க.

(பின்னணியில் பெண் குரல். தெளிவில்லை.)

அழைப்பவர் (பின்னணியில் இருப்பவரிடம்): நீ சும்மா இரு.

அதற்குக் கீழே கட்டம் கட்டி இரண்டு குறிப்புகள். ‘அழைப்பவர் தெளிவான அடையாளத்தைக் கூறாததே தாமதத்துக்குக் காரணம். அழைப்பின்போது பின்னணியில் இருப்போர் அமைதி காத்தல் நலம்.’

பாய் அதை இரண்டு தரம் படித்தார். பின்னணி. முப்பத்திரண்டு வருடம் அந்த வீட்டில் விடிந்து அடங்குகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு ஒரு அடைப்புக்குறிக்குள் இடம் கிடைத்திருந்தது. அவள் அன்றைக்கு அமைதி காக்கவில்லை. காக்கச் சொன்னவர் அவர். அவர் பேச்சை அவள் தட்டாமல் கேட்டது அந்த ஒருமுறைதான். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை.

எழில்மொழி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “பேனா கீதாம்மா?” என்று கேட்டார். அவள் கொடுத்தாள்.

புத்தகத்தைத் தொடைமேல் வைத்து, ‘தெளிவில்லை’ என்பதை அடித்தார். அதற்கு மேலே, எழுதிப் பழக்கமில்லாத கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: ‘நீலத் தண்ணி டேங்க்குன்னு சொல்லுங்க.’

மேரி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “அஜீசா சொல்ச்சி? நைனா, அஜீசா?”

பாய் தலையை ஆட்டினார். எழுந்துபோய்க் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து, இரண்டாவது புத்தகத்தை எடுத்தார். முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி, அதே சொல்லை அடித்து, எழுதினார். மூன்றாவது. செங்குட்டுவன் பதறிப்போய் ஓடிவந்தார்.

“பாய், என்ன பண்றீங்க? குழுமத்தோட வெளியீடு. திருத்தம்னா முறைப்படி விண்ணப்பம் கொடுக்கணும்.”

“திருத்தம் இல்ல சார்” என்றார் பாய் நிமிராமல். “தெளிவில்லைன்னு போட்டுகீறீங்க. எனுக்கு அன்னிக்கே தெளிவாத்தான் கேட்டுச்சு.”

 செங்குட்டுவன் மேடைப் பக்கம் போய்விட்டார். அங்கே நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

மேரி ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் எழுதி எழுதி வைத்தார். ஷாமியானாவைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்னும் இருநூற்று எண்பது இருந்தது.